அங்குலமா, அகலமா? கைக்கு ஏற்ற போனைத் தேடி

கிளிநொச்சியிலோ புதுக்குடியிருப்பிலோ ஒரு போன் கடைக்குள் போய் நின்றால், கடைக்காரத் தம்பி முதலில் விலையைச் சொல்வார், அடுத்ததாக அங்குலத்தைச் சொல்வார். "இது ஆறரை அண்ணா. அது ஆறேமுக்கால். புதிதாக வந்தது இன்னும் பெரியது, ஏழைத் தொடும்." எண் ஏற ஏறப் பொருளும் உயர்ந்தது என்கிற தொனியில்தான் அந்த வரிசை போகும். வாங்க வந்தவரும் மறுபேச்சில்லாமல் பெரியதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுப் பணத்தை எண்ணுவார். விலையில் வித்தியாசம் கொஞ்சம்தான், திரை பெரிதாகக் கிடைக்கிறதே என்பது அவருடைய கணக்கு.

அந்தக் கணக்கில் எனக்கு உடன்பாடில்லை. கமரா சுமாராக இருந்தால் சமாளிக்கலாம். நாலு படம் மங்கலாக வரும், அவ்வளவுதான். கைக்குப் பொருந்தாத போன் அப்படியல்ல. பஸ்ஸில் வழுக்கும், வயலில் விழும், படுத்துக்கொண்டு பார்த்தால் மூக்கில் விழும். கண்ணுக்குப் போதாத போனும் ஒவ்வொரு செய்தியிலும் உயிரை வாங்கும். ஊரில் யாராவது போன் வாங்கப் போகும்போது என்னையும் ஒரு வார்த்தை கேட்பதுண்டு. அங்குலத்தைக் கடைசியாகப் பாருங்கள், முதலில் அகலத்தையும் எடையையும் பாருங்கள் என்பதைத்தான் எல்லோருக்கும் சொல்லி வருகிறேன். ஏன் என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும்.

பெட்டியில் இருக்கும் எண்

போன் பெட்டியில் போட்டிருக்கும் அங்குலம் திரையின் மூலைவிட்டம்: ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு இழுத்த கோடு. அகலம் எவ்வளவு, உயரம் எவ்வளவு என்பது அதில் தெரியாது. திரையை ஒடுக்கி நீட்டினால் மூலைவிட்டம் கூடும். கையில் பிடிக்கும் அகலம் அப்படியே இருக்கும், சில வேளை குறையவும் செய்யும்.

பத்து வருடங்களுக்கு முன் பலர் பாவித்த ஐந்தரை அங்குலப் போனை நினைத்துப் பாருங்கள். அந்தக் காலத்துத் திரைகளின் விகிதம் 16:9. கணக்குப் போட்டால் திரையின் அகலம் 68.5 மில்லிமீற்றர் வரும். இன்றைய ஆறரை அங்குலத் திரை 20:9 விகிதத்தில் இருந்தால் அதன் அகலம் ஏறத்தாழ 68 மில்லிமீற்றர். ஓர் அங்குலம் கூடிவிட்டது என்று விற்கிறார்கள். அகலத்தில் ஒரு மயிரிழை குறைந்தே இருக்கிறது. கூடியது முழுவதும் உயரத்தில் போய்விட்டது. அன்றைக்கு 122 மில்லிமீற்றராக இருந்த உயரம் இன்றைக்கு 150. வாட்ஸ்அப்பில் ஒரு வரியில் எத்தனை எழுத்துக் கொள்ளும் என்பதைத் தீர்மானிப்பது அகலம். ஆகவே அந்த ஓர் அங்குலத்தால் எழுத்துப் பெரிதாகத் தெரியப் போவதில்லை. கீழே இன்னும் நாலைந்து வரி கூடுதலாகத் தெரியும், அவ்வளவே.

அங்குலம் எவ்வளவு ஏமாற்றும் என்பதற்குப் பழைய கதை ஒன்று உண்டு. 2011இல் சாம்சங் முதலாவது கலக்ஸி நோட்டைக் கொண்டுவந்தபோது அதன் திரை 5.3 அங்குலம். போனா, பலகையா என்று கேலி செய்தார்கள். 2020இல் ஆப்பிள் 5.4 அங்குலத் திரையோடு ஒரு போனை வெளியிட்டு அதற்கு 'மினி' என்று பெயர் வைத்தது. அங்குலத்தில் மினிதான் பெரியது! உடலை அளந்தால்தான் உண்மை தெரியும்: அந்த நோட்டின் அகலம் 83 மில்லிமீற்றர், மினியின் அகலம் 64. அந்த 83ஐ இன்றைய ராட்சதப் போன்கள்கூடத் தொடுவதில்லை. சாம்சங்கின் எஸ்24 அல்ட்ராவே 79தான்.

இன்னொன்றையும் பார்க்க வேண்டும். அங்குலம் திரைக்கு மட்டுமான கணக்கு, திரையைச் சுற்றியிருக்கும் கரை அதில் சேராது. விலை கூடிய போன்களில் அந்தக் கரை நூல் போல இருக்கும், விலை குறைந்தவற்றில் தடிப்பாக இருக்கும். சாம்சங்கின் எஸ்25 போனுக்குத் திரை 6.2 அங்குலம், உடல் அகலம் 70.5 மில்லிமீற்றர். அதே நிறுவனத்தின் ஏ15 போனுக்குத் திரை 6.5 அங்குலம், உடல் அகலம் 76.8. திரைகளின் அகலத்தை மட்டும் எடுத்தால் இரண்டுக்கும் இடையில் 3 மில்லிமீற்றர் அளவுதான் வித்தியாசம். கையில் பிடிக்கும்போது 6 மில்லிமீற்றருக்கு மேல். அதாவது ஏ15 வாங்குகிறவர் திரைக்காகப் பாதியையும் கரைக்காகப் பாதியையும் கையில் சுமக்கிறார்.

உடல் அகலம் பெரும்பாலும் பெட்டியில் இருக்காது. நிறுவனத்தின் இணையத்தளத்தில் இருக்கும். அதுவும் வேண்டாம் என்றால் பிள்ளையின் கொம்பாஸ் பெட்டியிலிருந்து அடிமட்டத்தை எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். கடைக்காரர் ஒரு மாதிரிப் பார்ப்பார், பார்த்துவிட்டுப் போகட்டும். என் கைக்கு நான் வைத்திருக்கும் எல்லை இது: 72 மில்லிமீற்றருக்குள் என்றால் ஒரு கைப் போன், 73 முதல் 76 வரை என்றால் ஒப்பேற்றலாம், 77ஐத் தாண்டினால் இரண்டு கையும் வேண்டும். உங்கள் கைக்கு ஓரிரு மில்லிமீற்றர் அப்படி இப்படி இருக்கும்.

கனடாவிலிருந்து வரும் சின்னப் போன்

சின்னப் போன் என்று இன்றைக்குச் சொல்லக்கூடியவை விரல் விட்டு எண்ணக்கூடியவை. ஐபோன் 12 மினி, 13 மினி, பழைய பாணி ஐபோன் எஸ்இ. 13 மினியோடு ஆப்பிள் அந்த வரிசையை நிறுத்திவிட்டது. 2022இல் 14 வந்தபோது மினி இருந்த இடத்தில் 6.7 அங்குல 'பிளஸ்' வந்து உட்கார்ந்தது. உலகம் சின்னதை வாங்கவில்லை, நிறுவனமும் செய்யவில்லை. எனக்கு இதில் கோபம் உண்டு. கோபப்பட்டு ஆகப்போவது எதுவுமில்லை.

கடையில் புதிதாக இல்லாவிட்டாலும் வன்னி வீடுகளுக்கு இவை வந்துகொண்டுதான் இருக்கின்றன. கனடாவில் இருக்கும் மாமாவோ சுவிஸில் இருக்கும் சித்தியோ புதுப் போன் எடுத்ததும் பழையது ஊருக்கு வருகிற பொதியில் ஏறிவிடும். வந்ததைப் பாவிக்கலாமா, விற்றுவிட்டு வேறு வாங்கலாமா என்பதுதான் இங்கே பல வீடுகளில் எழும் கேள்வி.

கைக்கும் சட்டைக்கும் என்றால் இதை மிஞ்ச ஆளில்லை. 13 மினியின் உயரம் 131.5 மில்லிமீற்றர், எடை சுமார் 140 கிராம். என் சேட்டுப் பொக்கற்றின் ஆழம் 13 சென்ரிமீற்றர். மினி உள்ளே அடங்கி நிற்கிறது. இன்றைய சாதாரணப் போன் 16 முதல் 17 சென்ரிமீற்றர் உயரம். அது பொக்கற்றுக்கு வெளியே மூன்று நான்கு சென்ரிமீற்றர் தலையை நீட்டிக்கொண்டிருக்கும், தலைப்பாரம் வேறு. மருந்துத் தாங்கியை முதுகில் கட்டிக்கொண்டு வரம்பில் நின்று, வாய்க்காலில் தண்ணீர் மொள்ளக் குனிகிற ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். குனிந்த மறுகணம் போன் வாய்க்காலில். விலை குறைந்த போன்களில் பெரும்பாலானவை தண்ணீரில் விழுந்தால் தாங்கும் என்று எந்த உத்தரவாதமும் தருவதில்லை. மினிக்கு அந்தத் தாங்குதிறன் உண்டு, ஆனால் அது முதலில் விழுவதே அரிது. சாரம் கட்டியவர்கள் போனை இடுப்பு மடியில் செருகுவார்கள். 200 கிராம் போன் மடியையும் சேர்த்து இழுக்கும், 140 கிராம் பேசாமல் கிடக்கும்.

குறை பற்றரியில். ஒரே நிறுவனம், ஒரே வருடம், ஒரே தலைமுறை என்று வைத்துப் பார்த்தால் அளவின் விளைவு பளிச்சென்று தெரியும்: 2021இல் ஆப்பிள் சொன்ன கணக்கின்படி 13 மினி 17 மணித்தியாலம் காணொளி ஓட்டும், 13 புரோ மாக்ஸ் 28 மணித்தியாலம். பெரிய போன் பெரிய திரைக்கும் சக்தி கொடுத்துவிட்டு இவ்வளவு மிச்சம் பிடிக்கிறது என்றால், உள்ளே பற்றரிக்கு அவ்வளவு இடம் இருக்கிறது என்று அர்த்தம். நமக்கு இது நகரத்தில் இருப்பவர்களைவிட முக்கியம். கோபுரம் தூரத்தில் இருக்கும் இடங்களில் போன் கூடுதல் வலுவோடு அலையை அனுப்ப வேண்டியிருக்கும். நெடுங்கேணிப் பக்கத்துக் காட்டு வீதிகளில் போய்வந்தவர்களுக்குத் தெரியும், ஒன்றும் செய்யாமல் பொக்கற்றில் கிடந்த போனும் வீடு வரும்போது களைத்திருக்கும். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்த நாட்களில் சின்னப் போன் வைத்திருந்தவர்கள் பட்ட பாடும் நினைவில் இருக்கும். வெயிலும் சேர்கிறது: ஆப்பிள் தன் போன்களுக்குச் சொல்லும் சுற்றுப்புற வெப்பநிலையின் மேல் எல்லை 35 பாகை. சித்திரையில் நம் பக்கம் அதைத் தாண்டும் நாட்கள் உண்டு. சூடேறினால் போன் தன் திரையைத் தானே மங்கவைத்துக்கொள்ளும்.

தமிழ் எழுதுகிறவர்களுக்கு இன்னொரு தொல்லை. ஆங்கில விசைப்பலகையின் மேல்வரிசையில் 10 விசைகள். தமிழ்99 விசைப்பலகையின் மேல்வரிசையில் ஆ தொடங்கி ஞ வரை 12. மினியின் திரை அகலம் 57.5 மில்லிமீற்றர்; பன்னிரண்டால் பிரித்தால் ஒரு விசைக்குக் கிடைப்பது 4.8 மில்லிமீற்றர். வயல் வேலை செய்த கட்டைவிரலுக்கு அது போதாது. ன அடிக்கப் போனால் ட விழும். ஆறரை அங்குலப் போனில் அதே விசைக்கு 5.7 மில்லிமீற்றருக்குக் கிட்டக் கிடைக்கும். ஒரு மில்லிமீற்றரில் என்ன என்று கேட்பவர்கள் இரண்டிலும் ஒரு பத்தி எழுதிப் பார்க்கட்டும். குரல் பதிவு மட்டும் அனுப்புகிறவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. அவர்கள் பேசுவதை நாம்தான் ஐந்து நிமிடம் கேட்க வேண்டும்.

நடுத்தர அளவு: ஆசை உண்டு, காசு?

6.1 முதல் 6.3 அங்குலம் வரையான, அகலம் 70 முதல் 72 வரையான போன்கள்தாம் என் பார்வையில் மனிதக் கைக்குச் சரியான அளவு. எஸ்25 போனின் எடை 162 கிராம். பஸ்ஸில் ஒரு கையால் மேல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறுகையால் செய்தி பார்க்கலாம், பதிலும் எழுதலாம். 66 மில்லிமீற்றர் அகலத் திரை தமிழ் படிக்கவும் எழுதவும் போதும். பற்றரி 4000 மில்லி ஆம்பியர் மணி. ஒரு நாளை ஓட்டிவிடும், ஒன்றரை நாளை எதிர்பார்க்கக் கூடாது.

ஆனால் இந்த அளவில் புதிதாக வருபவை அநேகமாக எல்லாமே உயர் விலைப் போன்கள். சாதாரணப் போனின் விலையைப் போலப் பல மடங்கு. ஒரு போகத்து நெல் விற்ற காசில் உரக்கடன், உழவுக்கூலி, வெட்டுக்கூலி எல்லாம் போக மிஞ்சுவதை இதில் போடச் சொல்ல எனக்கு வாய் வராது. இரண்டு மூன்று வருடம் பழைய எஸ் வரிசைப் போன் நல்ல நிலையில், நம்பிக்கையான கையிலிருந்து கிடைத்தால் யோசிக்காமல் வாங்கலாம். திரை உடைந்தால் மாற்றும் செலவையும் விசாரித்துவிட்டு வாங்குங்கள். இந்த வகைத் திரைகள் எங்கள் பக்கத்துத் திருத்தகங்களில் கையிருப்பில் இருக்காது, சொல்லி எடுப்பிக்க வேண்டும், விலையும் தலையைச் சுற்றும்.

எல்லோர் கையிலும் இருப்பது

ஆக, நம்மில் பெரும்பாலோர் உண்மையில் தெரிவு செய்யப்போவது 6.5 முதல் 6.7 வரை ஒரு பக்கம், 6.7ஐத் தாண்டி 6.9 வரை மறுபக்கம் என்கிற இரண்டு கூட்டங்களுக்குள்தான். கட்டைவிரலுக்கு எட்டாத தூரம் இரண்டிலும் உண்டு. இரண்டும் 190, 200 கிராம். அப்படியானால் பெரியதையே வாங்கிவிட்டால் என்ன?

ஏ15 போனையும் ரெட்மி 14சி போனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ரெட்மியின் திரை 6.88 அங்குலம், ஏ15 போனுடையது 6.5. அகலத்தில் ரெட்மியின் திரை 70 மில்லிமீற்றர், மற்றது 69. உயரத்தில் ரெட்மியின் உடல் 172 மில்லிமீற்றர், மற்றது 160. எடை ஏறத்தாழ ஒன்றுதான். அங்குலத்தில் இவ்வளவு வித்தியாசம் காட்டி, அகலத்தில் தந்தது ஒரு மில்லிமீற்றர்.

முக்கியமான வித்தியாசம் திரையின் நுணுக்கத்தில் இருக்கிறது. ரெட்மியின் திரையில் குறுக்கே 720 புள்ளிகள், ஏ15 போனில் 1080. ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்று பார்த்தால் முன்னதில் 260, பின்னதில் 396. ஆங்கிலம் மட்டும் படிக்கிறவருக்கு 260 தாராளம். தமிழில் மெய்யெழுத்தின் தலையில் ஒரு புள்ளி நிற்கிறது. ஒரு பழைய புத்தகத்தின் ஒளிப்பிரதியைச் சின்னதாகத் திறந்தால் முதலில் கரைந்து போவது அதுதான். 'கல்' எது, 'கல' எது என்று ஊகித்துத்தான் படிக்க வேண்டும். நூலகம் இணையத்தளம் 2005இலிருந்து ஈழத்துப் புத்தகங்களையும் பழைய சஞ்சிகைகளையும் பத்திரிகைகளையும் ஒளிப்பிரதியாகச் சேர்த்து வைத்திருக்கிறது. ஊரில் நூலகத்துக்குப் போக வழியில்லாதவர்களுக்கு அது கிடைத்தற்கரிய பொருள். அதில் எதையாவது படிக்க விரும்புகிறவர்கள் அங்குலத்தை விட்டுக்கொடுத்து 1080 புள்ளித் திரையை வாங்குங்கள். ஒரு பெரிய மங்கல் திரையைவிடச் சற்றே சிறிய தெளிந்த திரை கண்ணுக்கு நல்லது.

ஒளிப்பிரதி படிப்பதற்கு இன்னொரு வழியும் உண்டு, அதில்தான் நீண்ட போனின் பயன் தெரியும்: போனைப் படுக்கையாகத் திருப்புங்கள். சாதாரணத் தமிழ்ப் புத்தகத்தின் பக்கம் 14 சென்ரிமீற்றர் அகலம். ஆறரை அங்குலத் திரையைத் திருப்பினால் குறுக்கே 15 சென்ரிமீற்றர் கிடைக்கிறது. பக்கம் அச்சில் இருந்த அதே பருமனில் தெரியும். கீழே தள்ளித் தள்ளிப் படிக்க வேண்டும், அவ்வளவுதான். மினியில் இதையே செய்தால் பன்னிரண்டரை.

பிள்ளைகளின் வினாத்தாளுக்கு இந்தக் கணக்கு இன்னும் முக்கியம். வகுப்பாசிரியர் வாட்ஸ்அப் குழுவில் போடுகிற கடந்தகால வினாத்தாள், கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தளத்திலிருந்து இறக்கும் பாடப்புத்தகம் எல்லாம் பக்கம் பக்கமாக வருபவை. எழுத்தை மட்டும் பெருப்பிக்க முடியாது. ஏ4 தாளின் அகலம் 21 சென்ரிமீற்றர். நிமிர்த்திப் பிடித்த போனில் அது மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். உயர்தர இரசாயனவியல் வினாத்தாளில் கீழே இடுகிற சின்ன எண் எது, மேலே இடுகிற சின்ன எண் எது என்று தெரியாது. திருப்பிப் பிடித்தால் பத்துக்கு ஏழு பங்கு வரும், படித்துவிடலாம். 6.88 அங்குலப் போனில் அதற்கு மேல் இன்னும் அரைப் பங்கு கிடைக்கும். அந்த ஓர் இடத்தில் மட்டும் மிகப் பெரிய போனுக்கு ஒரு புள்ளி கொடுக்கலாம்.

படம் பார்ப்பவர்களும் இதே போலத் திருப்பித்தான் பார்ப்பார்கள், அவர்களுக்கும் பெரியது நல்லது. அதற்கு மேல் சொல்ல எதுவுமில்லை.

பெரிய போனின் தொல்லை ஒரு கைப் பாவனையில். மேல் மூலைக்குக் கட்டைவிரலைக் கொண்டுபோகப் போனை உள்ளங்கையில் மெல்ல நகர்த்துவோம். விழுவது அநேகமாக அந்த நகர்த்தலில்தான். அன்ரோயிட் போன்களில் 'ஒரு கைப் பயன்முறை' என்று ஒன்று அமைப்புக்குள் இருக்கிறது. அதை இயக்கினால் திரையில் உள்ளது கீழே இறங்கி வரும் அல்லது ஓரமாகச் சுருங்கும். ஏற்கெனவே பெரிய போன் வைத்திருப்பவர்கள் இன்றைக்கே அதைத் தேடி இயக்கி வைக்கலாம். பெரிய திரைக்குக் காசு கொடுத்துவிட்டு அதைச் சுருக்கிப் பாவிக்கிறோமே என்று சிரிப்பு வரும்.

வாங்கும் முன் வீட்டிலேயே பரிசோதிக்க எளிய வழி உண்டு. பால்மா பெட்டி அட்டையில் 160க்கு 77 மில்லிமீற்றரில் ஒரு துண்டும் 172க்கு 78இல் ஒரு துண்டும் வெட்டிக்கொள்ளுங்கள். ஒரு நாள் பொக்கற்றில் வைத்துக்கொண்டு மோட்டார் சைக்கிளில் ஏறி இறங்குங்கள், குனியுங்கள், இருங்கள். அட்டை மடங்கினால் போனும் அந்த இடத்தில் நெரிபடும். பெண்கள் கைப்பையில் வைக்கிறவர்கள் என்றால் இதைப் பற்றி அலட்டிக்கொள்ள வேண்டாம்; அவர்களுக்கு எடை மட்டும்தான் கணக்கு.

பட்டன் போனும் ஒரு டப்லெட்டும்

யாரும் ஆலோசிக்காத வழி ஒன்று இருக்கிறது. பொக்கற்றில் ஒரு பட்டன் போன், வீட்டில் சிம் போடக்கூடிய ஒரு டப்லெட். மீள்குடியேறிய காலத்தில் நம் வீடுகளுக்கு வந்த முதல் கைபேசி பெரும்பாலும் பட்டன் போன்தான். அது விழுந்தாலும் உடையாது, நாட்கணக்கில் சார்ஜ் நிற்கும், அதன் பெருமை இன்னும் பேசப்படுகிறது. வயலிலும் கடலிலும் வேலை செய்கிறவருக்கு அழைப்பு எடுக்கவும் வாங்கவும் அது போதும்.

டப்லெட் 8.7 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம், சாம்சங்கின் டப் ஏ9 போல. எடை 332 கிராம். திருப்பிப் பிடித்தால் குறுக்கே 19 சென்ரிமீற்றர். ஏ4 வினாத்தாள் பத்துக்கு ஒன்பது பங்கில் தெரியும். இரண்டு பிள்ளைகள் தோளோடு தோள் உட்கார்ந்து படிக்கலாம். மாலையில் லண்டனுக்கு அழைத்தால் அம்மம்மா, பேத்தியின் முகத்தை முழுதாகப் பார்க்கலாம். (எந்தத் திரை வாங்கிக் கொடுத்தாலும் அம்மம்மா தன் நெற்றியை மட்டும்தான் காட்டுவார், அது வேறு விடயம்.)

வங்கிச் செயலியும் வாட்ஸ்அப்பும் ஒரு நாளில் பத்துத் தடவை வெளியில் தேவைப்படுகிறவருக்கு இது சரிவராது. கடை வைத்திருப்பவர், ஓட்டோ ஓடுகிறவர், அலுவலகத்தில் இருப்பவர் எல்லோரும் ஸ்மார்ட் போனைப் பொக்கற்றில் வைத்தே ஆக வேண்டும். வீட்டில் ஒருவர் வெளிவேலை, பிள்ளைகள் படிப்பு, முதியவர் ஒருவர் என்று இருந்தால், ஆளுக்கொரு பெரிய போன் என்று மூன்று வாங்குவதைவிட இந்த ஏற்பாடு மலிவாக முடியும்.

மடிக்கும் போன் பற்றியும் கேட்கிறார்கள். மடித்தால் சின்னது, விரித்தால் பெரியது, கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. விலையை விடுங்கள். சாம்சங்கின் ஃபிளிப்6 போனுக்கு இருக்கும் பாதுகாப்புத் தரம் ஐபி48. அதில் முதல் இலக்கமான 4, ஒரு மில்லிமீற்றருக்கு மேற்பட்ட துணிக்கைகள் உள்ளே போகாது என்பதை மட்டும் சொல்கிறது. மாங்குளத்திலிருந்து உள்ளே இறங்கும் ஒரு கிரவல் வீதியில் முன்னே ஒரு டிப்பர் போக, பின்னே மோட்டார் சைக்கிளில் போனவர்களுக்குத் தெரியும் நம் புழுதி எவ்வளவு நுண்ணியது என்று. பிணைச்சல் உள்ள எந்தப் பொருளையும் அதற்குள் கொண்டுபோக எனக்கு மனம் வராது.

யாருக்கு எது

வயல், தோட்டம், கடல், மேசன் வேலை என்று உடம்பை வளைத்துச் செய்கிற வேலைக்காரருக்கு எடை குறைந்தது, உயரம் குறைந்தது. வெளிநாட்டிலிருந்து மினியோ எஸ்இ போனோ வந்தால் விற்க வேண்டாம், அவரே வைத்துக்கொள்ளட்டும். கூடவே பத்தாயிரம் மில்லி ஆம்பியர் மணிப் பவர் பேங்க் ஒன்றை வண்டியில் போட்டுவிட்டால் பற்றரிக் குறை பாதி தீர்ந்தது. புதிதாகத்தான் வாங்க வேண்டும் என்றால், அவருடைய விலைக்குள் கிடைப்பவற்றில் உயரம் 162ஐத் தாண்டாததைத் தேடட்டும்.

படிக்கிற பிள்ளைக்கும், பிள்ளைக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிற ஆசிரியருக்கும் 6.5 முதல் 6.7 வரை, 1080 புள்ளித் திரை. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். 720 புள்ளியில் பெரிய திரை தருகிறோம் என்று கடையில் எவ்வளவு சொன்னாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

வெள்ளெழுத்து வந்தவர்களுக்கு முதலில் போனை மாற்ற வேண்டாம், கண்ணாடியை மாற்றுங்கள். பிறகு அமைப்புக்குள் போய் எழுத்தின் அளவையும் காட்சியின் அளவையும் இரண்டையும் கூட்டிப் பாருங்கள். பலர் முதலாவதை மட்டும் கூட்டிவிட்டு, பொத்தான்கள் இன்னும் சின்னதாகவே இருக்கின்றன என்று குறைப்படுவார்கள். அதற்குப் பிறகும் போதவில்லை என்றால் 6.7, 6.8 அங்குலப் போன் அவர்களுக்கு நல்ல தெரிவு. வீட்டுக்குள் இரண்டு கையாலும் பிடித்து, மேசையில் சாய்த்து வைத்துப் பாவிக்கிறவருக்கு அகலம் ஒரு குறையல்ல. 720 புள்ளி என்றாலும் பாதகமில்லை, எழுத்தைப் பெரிதாக்கித்தானே வாசிக்கப்போகிறார்.

மற்ற எல்லோருக்கும், அதாவது நாளெல்லாம் வெளியே திரிந்து வேலை பார்த்து, இடையிடையே செய்தி படித்து, இரவில் உறவுகளோடு கதைக்கிறவர்களுக்கு, உடல் அகலம் 77க்குள், எடை 200க்குள், திரை 1080 என்ற மூன்றையும் சொல்லிக் கேளுங்கள். கடைக்காரர் காட்டும் பத்துப் போன்களில் ஆறேழு அப்போதே விலகிவிடும், மிஞ்சியதில் கமராவையும் விலையையும் பார்த்துக்கொள்ளலாம். உறை போட்டால் அகலத்தில் மூன்று நான்கு மில்லிமீற்றரும் எடையில் ஒரு இருபது முப்பது கிராமும் ஏறும் என்பதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். தடித்த இறப்பர் உறை போட்டால் 77 ஆக இருந்தது 81 ஆகிவிடும், பிறகு இவ்வளவு நேரம் அளந்ததெல்லாம் வீண்.

பாவித்த சின்னப் போனை யாரிடமாவது வாங்குவதென்றால் பற்றரியைப் பார்க்காமல் காசு கொடுக்க வேண்டாம். ஐபோன் 14 வரையான போன்களின் பற்றரி 500 முழுச் சார்ஜ் சுற்றுகளுக்குப் பின்னும் 80 வீதக் கொள்ளளவு நிற்கும்படி செய்யப்பட்டது என்கிறது ஆப்பிள். மினியை நாளுக்கு ஒரு தடவையாவது சார்ஜ் போட்டிருப்பார்கள். இரண்டு வருடத்தில் அந்த எல்லை தாண்டியிருக்கும். அமைப்பில் பற்றரி நலம் என்ற இடத்தில் வீதம் தெரியும். 80க்குக் கீழே என்றால் புதுப் பற்றரியின் விலையைக் கழித்துக்கொண்டு பேசுங்கள். *#06# அழுத்தி ஐஎம்ஈஐ இலக்கத்தை எடுத்து, ஐஎம்ஈஐ என்பதை ஆங்கில எழுத்தில் அடித்து, இடம் விட்டு அந்த 15 இலக்கங்களையும் சேர்த்து 1909க்குக் குறுஞ்செய்தி அனுப்பினால், அந்தப் போன் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில் பதிவானதா என்று பதில் வரும். விற்கிறவர் முன்னால் நிற்கும்போதே அனுப்பிப் பாருங்கள்.